அக்கரையில் இருப்பவர் யார்?

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் புறத்தை எழுவான்கரை என்றும், மேற்குப் புறத்தைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் அழகாகப் பெயரிட்டனர். ஞாயிறு எழுவது ஒரு கரை. படுவது மறு கரை. பெரிய வைத்தியசாலை நகரத்தில் அமைந்தது. பரந்த நெல்வயல்களும் அவற்றிற் பாடுபடுவோரும் படுவான்கரையில் அமைந்தனர். மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரையில், கொக்கட்டிச்சோலைப் பகுதி மக்கள் 'பாதை' என்று இங்கு வழங்கும் மிதவையில் ஏறியே வாவியைக் கடந்து வந்தனர்.

நள்ளிரவில் ஒரு பெண்ணுக்குப் பேற்று வேதனை கண்டுவிட்டால் அவ்வீட்டார் என் செய்வர்? நகரத்தில் எத்தனை டாக்டர்மார் இருந்தாலென்ன? அக்கரையில் இருப்பவர் யார் என்பதன்றோ அவர்களுக்கு முதற் கேள்வி!

அக்கேள்விக்கு நெடுங்காலம் விடையாக இருந்தோர் இருவர். ஒருவர் அப்போதிக்கரி ஐயா, மற்றவர் மருத்துவமாது. இருவரும் பட்டம் பெற்ற வைத்தியரல்லர். ஆயினும் முறையாகப் பயின்று, பரீட்சையிற் தேறி, சட்டப்படி பதிவு பெற்றவர்கள். 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் வைத்தியர்களோடு அப்போதிக்கரிமாருக்கும் மருத்துவமாதருக்கும் இடமளித்தது. வெறும் போத்தலுடன் வரிசையில் நின்று தண்ணீர் மருந்து வாங்கி வந்த நினைவு நம்மிற் பலருக்கு உண்டு. அந்த மருந்தைக் கொடுத்தவர், பல ஊர்களில், அப்போதிக்கரி ஐயாவே.

பிற்காலத்தில் அவர்களின் பதவிப் பெயர் மாறிற்று; பதிவு பெற்ற வைத்திய அதிகாரிகள் எனவும் சிலர் உயர்ந்தனர். போர்க் காலத்தில், பட்டதாரி வைத்தியர்கள் கிடைத்தற்கரிய சிற்றூர் வைத்தியசாலைகள் பலவற்றைத் தாங்கி நின்றவர்கள் இவர்களே. புதியவர்களுக்கான பயிற்சி 1990களில் நிறுத்தப்பட்டது. எல்லா ஊருக்கும் முழு வைத்தியரே வேண்டும் என்னும் எண்ணத்தைக் குறை கூற முடியாது. ஆனால் ஒரு நாற்காலியை அகற்றும்போது, அதில் அமரப்போகிறவர் வந்துவிட்டாரா என்று பார்த்த பின்னரே அகற்ற வேண்டும்.

"அரை வைத்தியன் ஆளைக் கொல்வான், ஏழைக்கு மட்டும் ஏன் அரை வைத்தியன்?" என்று கேட்பாருமுளர். நியாயமான கேள்விதான். மருத்துவமாதின் வரலாறு இதற்கு விடை கூறும்.

1926ஆம் ஆண்டு களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. ஊருக்கு ஊர் மருத்துவமாதரை அமர்த்தும் முறை அதன் வழியே நாடெங்கும் பரவிற்று. 18 மாதப் பயிற்சி பெற்ற ஒரு பெண், ஏறக்குறைய 3,000 மக்களைப் பொறுப்பேற்று, வீடு வீடாகச் செல்கிறாள். 1930களில் ஓர் இலட்சம் பிரசவங்களுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த நாடு இது. இன்று அத்தொகை 30 அளவில் நிற்கிறது. இலவச வைத்தியம், பெண் கல்வி, இரத்தமேற்றும் வசதி, புதிய மருந்துகள் ஆகிய யாவும் இதற்குக் காரணங்களே. எனினும் அவற்றைக் குடிசை வாயில் வரை கொண்டு சேர்த்தவள் மருத்துவமாது.

அவள் எதனால் 'அரை வைத்தியன்' ஆகவில்லை? தன் எல்லையை அறிந்திருந்தாள். கால் வீக்கம், தலையிடி, இரத்தப்போக்கு முதலிய ஆபத்துக் குறிகளைக் கண்டதும் தானே வைத்தியம் பார்க்க முனையாமல் உடனே வைத்தியசாலைக்கு அனுப்பினாள். அவளுக்கு மேலே தாதிய சகோதரியும், அவருக்கு மேலே சுகாதார வைத்திய அதிகாரியும் இருந்தனர். 1985 முதல் தாய் மரணம் ஒவ்வொன்றும் அறிவிக்கப்பட வேண்டும் என்ற விதியும் ஏற்பட்டது. தவறு எங்கே நிகழ்ந்தது என்று ஆராயப்படுகிறது. ஆகவே படிப்பு, எல்லை, மேற்பார்வை ஆகிய மூன்றும் சேர்ந்தவிடத்து அரை வைத்தியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அப்பழமொழி மெய்யாகிவிடும்.

அமெரிக்காவிலே 1965ஆம் ஆண்டில் லொரெட்டா போர்ட் என்னும் தாதியும், ஹென்றி சில்வர் என்னும் குழந்தை வைத்தியரும் கொலராடோவில் தாதியருக்கு உயர் வைத்தியப் பயிற்சி அளிக்கத் தொடங்கினர். அதே ஆண்டில் டியூக் பல்கலைக்கழகம், கடற்படையில் நோயாளரைப் பராமரித்துப் பழகியோரை வைத்தியருக்குத் துணைவராகப் பயிற்றிற்று. இன்று இங்கிலாந்தில் மேற்பயிற்சி பெற்ற தாதியர் மருந்தெழுதவும் உரிமை பெற்றுள்ளனர். செல்வ நாடுகள் புதுமையென்று தொடங்கியதை நாம் முன்னரே செய்து பார்த்திருக்கிறோம்.

இன்று படுவான்கரை வீடுகளை வருத்தும் பகைவர் வேறு. சீனி வருத்தமும் இரத்த அழுத்தமும் சத்தமின்றி வருபவை. கிளினிக் நாளிற் பட்டணம் போனால் கூலிக்காரனுக்கு ஒருநாட் கூலி போகும். இருமுறை போகாமல் விடுவான், மாத்திரை தீரும், ஒரு நாள் கைகால் விழுந்தபின் வண்டியிற் கொண்டுவரப்படுவான். அவன் ஊரிலேயே, மேற்பயிற்சி பெற்ற தாதி ஒருவர் அழுத்தத்தை அளந்து, வைத்தியர் எழுத்தில் வகுத்துக் கொடுத்த விதிக்குள் மருந்தைக் கூட்டிக் குறைத்து, மிஞ்சியதை மேலே அனுப்பினால், அவன் குடும்பம் பிழைக்குமன்றோ? அதற்குரிய படிப்பையும் சட்டத்தையும் ஊதியத்தையும் வகுப்பதே இப்போது செய்யத்தக்கது என்பது நம் கருத்து. பொறுப்பை மட்டும் ஏற்றிவிட்டு உரிமையைக் கொடாதிருப்பது அறமாகாது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில், வைத்தியம் கற்போரும் தாதியம் கற்போரும் ஒரே பீடத்தின் பிள்ளைகளாகப் பயில்கின்றனர். வைத்தியப் படிப்புக்குப் புள்ளி போதவில்லையென்று மனமுடையும் பிள்ளையும், அப்பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோரும் இதைச் சிந்திப்பார்களாக: தாதியம் வைத்தியத்துக்குத் தோற்றவர்களின் தொழிலன்று; அது தனக்கென நுண்மையும் பொறுப்பும் உடைய தனித் தொழில்.

மண்முனையிற் பாலம் வந்துவிட்டது, நன்று. ஆனால் நோயாளி பாலத்தைக் கடந்து வருவதற்கு முன், அவன் நோயைக் கண்டறிய அக்கரையில் ஒருவர் இருக்க வேண்டும்.