மாம்பூப் பருவம்: எண்ணிப் பார்க்காமல் தெளிக்கப்படும் மருந்து

உத்தரப் பிரதேசத்தின் மலிஹாபாத் முதல் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி வரை, மாந்தோப்புகளின் ஆண்டு வருமானம் மரங்கள் பூத்திருக்கும் சில வாரங்களிலேயே பெருமளவு முடிவாகிவிடுகிறது. ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கான பூக்கள் இருந்தாலும், அவற்றில் ஒரு விழுக்காடுகூடப் பறிக்கும் பருவம் வரை நிலைப்பதில்லை. அந்தச் சிறு பங்கையும் அழிக்கக்கூடியது தத்துப்பூச்சி.

பூங்கொத்தின் தண்டிலும் மொட்டுகளிலும் முட்டையிடும் இப்பூச்சி, குஞ்சுப் பருவத்திலிருந்தே சாற்றை உறிஞ்சுகிறது. பூக்கள் வாடி உதிர்கின்றன. அது வெளியேற்றும் தேன் போன்ற கழிவின் மீது கரும்பூசணம் படர்ந்து இலைகளையும் மூடுகிறது. பூ இல்லாத மாதங்களில் மரப்பட்டையின் இடுக்குகளில் அது தங்கியிருக்கும் என்பதால், மொட்டு விடுவதற்கு முன்பே அடிமரத்தைச் சோதித்து வரவிருக்கும் அபாயத்தை ஓரளவு கணிக்கலாம். நெருக்கமாக வளர்ந்து வெயில் புகாத தோப்புகளில் அபாயம் கூடுதல்.

பூங்கொத்து ஒன்றுக்குச் சராசரியாக 5 முதல் 10 பூச்சிகள் தென்பட்டால் மட்டுமே மருந்து தெளிக்க வேண்டும் என்பதே பரவலாகக் கூறப்படும் வரம்பு. தோப்பின் பல பகுதிகளிலும் சில மரங்களைத் தேர்ந்து, நான்கு திசைக் கிளைகளிலும் வாரந்தோறும் எண்ண வேண்டும். இலைப்பேனுக்கு வெள்ளைத் தாளின் மீது பூங்கொத்தைத் தட்டிப் பார்த்தாலே போதும். செலவு ஏறத்தாழ ஏதுமில்லை. ஆயினும் பெரும்பாலான தோப்புகளில் மருந்து நாட்காட்டியைப் பார்த்தே தெளிக்கப்படுகிறது.

இதை விவசாயியின் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. வட மாநிலங்களில் பல தோப்புகள் பூக்கும் பருவத்திலேயே குத்தகைதாரருக்கு விற்கப்படுகின்றன. முன்பணம் கொடுத்தவருக்கு ஒரு பருவத்து விளைச்சலே கணக்கு; கூடுதலாக ஒரு முறை தெளிப்பது அவருக்குக் காப்பீடு போன்றது. மருந்தைப் பரிந்துரைப்பவரும் பல இடங்களில் அதை விற்கும் கடைக்காரரே.

இதன் விலையை முதலில் கொடுப்பவை மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் ஈக்களும் தேனீக்களும். தத்துப்பூச்சிக்கு எதிராக இந்தியாவில் பரவலாகப் பயன்படும் இமிடாகுளோபிரிட் மருந்தை, தேனீக்களுக்கு ஏற்படும் ஆபத்தைக் கருதி, திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை விதித்தது. பூ முழுமையாக மலர்ந்த நாட்களில் அத்தகைய மருந்தைத் தெளிப்பது, காய் பிடிப்பதற்காகச் செலவிட்டு காய் பிடிப்பதையே கெடுப்பதாகும். தொடர் தெளிப்பில் நன்மை செய்யும் பூச்சிகளும் மடிகின்றன. கொங்கண் அல்போன்சா தோப்புகளில் அண்மை ஆண்டுகளில் இலைப்பேன் தாக்குதல் பெரும் கவலையாக மாறியிருப்பதை இந்தப் பின்னணியிலும் பார்க்க வேண்டும்.

மாற்று முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2008-இல் விதர்பாவில் சோயாப் பயிரைப் புழுக்கள் அழித்த பின்னர் வயல்வெளிக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கிய மகாராஷ்டிர அரசு, அதனைப் பின்னர் மா உள்ளிட்ட தோட்டப் பயிர்களுக்கும் விரிவாக்கியது. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை நுண்ணறிவின் துணையுடன் தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கியது. கைபேசிப் படம் பூச்சியின் பெயரைச் சொல்லும். ஆனால் ஒரு தோப்பில் பூங்கொத்துக்கு எத்தனை பூச்சிகள் என்பதை யாரேனும் மரம் மரமாக நடந்துதான் அறிய வேண்டும். அந்த நடைக்குக் கூலி தருவது யார் என்ற கேள்வி செயலிக்கு வெளியே நிற்கிறது.

கண்காணிப்பு தவறினால் சந்தையும் தண்டிக்கும். பழ ஈக்கள் தென்பட்டதால் 2014 மே மாதம் இந்திய மாம்பழங்களுக்குக் கதவடைத்த ஐரோப்பிய ஒன்றியம், 2015 தொடக்கத்தில்தான் அதைத் திறந்தது. அது காய்ப் பருவப் பூச்சி என்றாலும், பாதிப்பு ஏற்றுமதியாளருடன் நிற்காமல் தோப்பு வரை வந்தது.

வாராந்திரப் பூச்சிக் கணக்கை உரிமையாளரிடம் காட்ட வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைக் குத்தகை ஒப்பந்தத்தில் சேர்க்க அரசுக்குச் செலவேதும் இல்லை. ஆனால், தோப்பு பூக்கும் முன்பே முன்பணம் வாங்கிவிடும் சிறு உரிமையாளர் அதை வற்புறுத்தும் நிலையில் இருப்பதில்லை.