அப்பாவின் குரலும் 8096-ம்

அப்பாவின் முதல் திதிக்கு முந்தின நாள். ஜொகூரிலிருந்து அத்தை, ஈப்போவிலிருந்து சித்தப்பா குடும்பம் என்று வீடு நிறைந்திருந்தது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து, "அந்தத் தீபாவளி வீடியோவைப் போடும்மா" என்றார். அப்பா முறுக்குப் பிழிந்துகொண்டே எங்களையெல்லாம் கிண்டலடிக்கும் நான்கு நிமிட வீடியோ. அவர் குரல் தெளிவாக இருப்பது அதில் மட்டும்தான்.

ரிமோட்டை அழுத்தினேன். சர்வருடன் இணைய முடியவில்லை என்று வந்தது.

"நேத்துகூட ஓடுச்சே. ரோசாக் ஆயிடுச்சா?"

இந்த சர்வர் பெரிய விஷயமில்லை. ஒரு பழைய மடிக்கணினி, 2 டெராபைட் வெளி டிஸ்க், அதில் ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருள். மாதக் கட்டணம் கிடையாது. வீட்டுப் படங்களும் வீடியோக்களும் அதில் இருக்கும். டிவியிலும் கைப்பேசியிலும் எடுத்துப் பார்க்கலாம். ஓடும்வரை சுகம்தான். நின்றுவிட்டால் பலரும் முதலில் செய்வது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வானொலியில் திடீரென்று சத்தம் நின்றால் நாங்கள் ஒலிபரப்பிக் கோபுரத்துக்கு ஓடுவதில்லை. மைக் வேலை செய்கிறதா, மிக்ஸருக்கு வருகிறதா, அதைத் தாண்டிப் போகிறதா என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். இங்கேயும் அதே வழிதான்.

முதல் படி, சர்வர் உயிரோடு இருக்கிறதா? அந்த மடிக்கணினியிலேயே பிரவுசரைத் திறந்து, ஆங்கில எழுத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டி, இரண்டு புள்ளி வைத்து 8096 என்று போடுங்கள். ஜெல்லிஃபின் வழக்கமாகத் திறந்து வைத்திருக்கும் கதவு எண் அது. பக்கம் வந்தால் சர்வர் நலம். வராவிட்டால் ஜெல்லிஃபின் ஓடாமல் நின்றிருக்கலாம். எனக்குப் பக்கம் வந்துவிட்டது. அப்படியென்றால் கோளாறு வழியில்தான்.

அன்று மதியம் இடி இடித்து மின்சாரம் டிரிப் ஆகியிருந்தது. ரவுட்டர் மறுபடி எழுந்தபோது வீட்டிலுள்ள கருவிகளுக்கெல்லாம் புதிதாக முகவரி கொடுத்திருக்கிறது. 192.168.1.7 என்று இருந்த சர்வர் 192.168.1.12 ஆகிவிட்டது. டிவியோ பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருந்தது. புதிய எண்ணைக் கொடுத்தேன், வந்துவிட்டது. மறுபடி நடக்காமல் இருக்க, ரவுட்டர் அமைப்பில் அந்த மடிக்கணினிக்கு ஒரே முகவரியை ஒதுக்கிவைத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. நான் ஒரு வருடமாகத் தள்ளிப்போட்ட வேலை.

முகவரி சரியாக இருந்தும் வரவில்லையென்றால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, டிவி விருந்தினர் வைஃபையில் இருக்கலாம்; பல ரவுட்டர்களில் அதிலிருந்து மற்றக் கருவிகளைப் பார்க்க முடியாது. இன்னொன்று விண்டோஸ். வீட்டு வைஃபையைப் பொது இடம் என்று குறித்து வைத்திருந்தால் அதன் ஃபயர்வால் கதவைச் சாத்திவிடும். பிரைவேட் என்று மாற்றுங்கள்.

அப்பா திரையில் வந்தார். வாயைத் திறந்தார். அப்படியே நின்றார். ஐந்து விநாடிக்கு ஒரு முறை இதே கதை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இதற்கு வைஃபையைத் திட்டுவதற்கு முன், வீடியோ ஓடும்போதே ஜெல்லிஃபினின் டாஷ்போர்டைத் திறந்து பாருங்கள். டைரக்ட் பிளே என்று இருந்தால் கோப்பு உள்ளது உள்ளபடி போகிறது. அப்போது வைஃபையைச் சந்தேகிக்கலாம். டிரான்ஸ்கோடிங் என்று இருந்தால், டிவிக்குப் புரியாத கோப்பை சர்வர் ஓடஓட மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறது. காரணத்தையும் அங்கேயே காட்டும். தம்பி அந்த வீடியோவைத் தன் கைப்பேசியில் 4கே தரத்தில், எச்இவிசி முறையில் எடுத்திருந்தான். எங்கள் பழைய டிவிக்கு அந்த முறை தெரியாது. பழைய மடிக்கணினிக்கோ 4கே-யை உடனுக்குடன் மாற்றும் வலு இல்லை. சிடியிலிருந்து ஏற்றிய அக்கா கல்யாண வீடியோ மட்டும் எப்போதும் தடையின்றி ஓடியதன் ரகசியம் இப்போதுதான் புரிந்தது. அது சின்னக் கோப்பு.

மாற்று வழி, முன்கூட்டியே மாற்றி வைப்பது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எச்.264, 1080 என்று தேர்ந்தெடுத்து, எம்பி4 கோப்பாகப் புதிய பிரதி எடுத்தேன். அசலை அழிக்கவில்லை, நீங்களும் அழிக்காதீர்கள். என் அலுவலகக் கணினியில் செய்ததால் எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

இன்னொரு சின்ன விஷயம்: டிஸ்க்கை வேறு யுஎஸ்பி துளையில் செருகி, விண்டோஸ் அதற்கு வேறு எழுத்து கொடுத்துவிட்டால் நூலகம் காலியாகத் தெரியும். பதறாதீர்கள், கோப்புகள் அங்கேதான் இருக்கும். பழைய எழுத்தையே திரும்பக் கொடுங்கள்.

இந்த முறை வீடியோ நிற்கவில்லை. "மாவு தண்ணியாப் போச்சு, யார் பிசைஞ்சது?" என்று அப்பா கேட்க, அத்தை திரையைப் பார்த்து, "நான்தாண்ணே" என்றார்.

மூன்று முறை போட்டோம். வெளியூரிலிருந்தே பார்க்க ரவுட்டரில் கதவைத் திறந்துவிடச் சொன்னான் சித்தப்பா மகன். அப்படித் திறந்தால் ஊரில் உள்ள எல்லாரும் தட்டிப் பார்ப்பார்கள் என்று மறுத்துவிட்டேன். அதற்குப் பதில், மறுநாள் படையல் முடிந்து அத்தை கிளம்பும்போது, எல்லாக் கோப்புகளையும் இன்னொரு டிஸ்க்கில் ஏற்றி அவர் கைப்பையில் வைத்தேன். இப்போது அப்பாவின் குரல் ஜொகூரிலும் ஒரு பிரதி இருக்கிறது.