புதினாப் பாத்திக்கு மருந்துப் போத்தல் எதற்கு?

லயத்துக்குப் பின்னால் நாம் போட்டிருப்பது பெரிய தோட்டமில்லை. நாலு மிளகாய்க் கன்று, ஒரு பாத்தி புதினா, கொஞ்சம் கொத்தமல்லி. ஆனாலும் மாதக் கடைசியில் சம்பலுக்கும் ரசத்துக்கும் கைகொடுப்பது அதுதான். இலை சுருண்டு மஞ்சள் தேமல் விழுந்தால் கடைக்கு ஓடுகிறோம். கடைக்காரர் எடுத்துத் தருகிற போத்தலை வாங்கி அடிக்கிறோம். அரைப்பேர் காசு அதிலேயே போய்விடுகிறது.

தேமல் வைரஸ் நோயென்றால் அந்தக் காசு வீண். செடிக்குள் புகுந்த வைரஸைக் கொல்லும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. அதைப் பரப்பும் அழுக்கணவன் பூச்சி ஒரு செடியைக் குத்தி அடுத்ததைக் குத்துவதற்குச் சில விநாடி போதும். மருந்து பட்டுப் பூச்சி சாவதற்குள் நோய் தாவிவிடும். புதினாவில் இன்னொரு வழியும் உண்டு. அதைத் தண்டு ஒடித்துத்தானே நடுகிறோம்? நோயுள்ள தண்டை அடுத்த காம்பராவுக்குக் கொடுத்தால் வைரஸும் கூடவே போகிறது. கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாத பழக்கம் நமக்கு. கொடுப்போம், ஆனால் பச்சையாக, தேமலில்லாமல் இருக்கும் செடியிலிருந்து ஒடித்துக் கொடுப்போம். நோய்ச் செடியை வேரோடு பிடுங்கித் தூர எரிக்கவோ புதைக்கவோ வேண்டும்.

செடியின் வைரஸ் மனிதருக்குத் தொற்றாது. நேற்று மருந்தடித்த புதினாவை இன்று சம்பல் அரைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

மிளகாயில் இன்னும் குழப்பம். வெண்ஈ கொண்டுவரும் வைரஸாலும் இலை சுருளும், பனிப்பூச்சியாலும் சிற்றுண்ணியாலும் சுருளும். பூச்சியால் சுருண்டதற்கு மருந்து உண்டு. வைரஸால் சுருண்டதற்கு இல்லை. எது எதுவென்று பார்த்துச் சொல்ல விவசாயப் போதனாசிரியர் வேண்டும். அவர் கிராமத்துக்குப் போகிறார். எங்கள் லயத்துப் பக்கம் நான் அவரைக் கண்டதில்லை. தேயிலைக்கு நோய் வந்தால் பார்க்கத் தலவாக்கலையில் ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அந்தத் தேயிலையைப் பறிப்பவரின் பாத்திக்கு யார் இருக்கிறார்கள்? நிலம் நம் பெயரில் இல்லை என்பது இதற்குச் சாட்டாகக் கூடாது.

விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். அது மட்டும் போதாது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டித் தலைவரும் பக்கத்துக் கமநல சேவை நிலையத்துக்கு இந்த மாதமே கடிதம் எழுதட்டும்: வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ் பேசும் ஒரு போதனாசிரியர், எங்கள் லயத்துக்கு வர வேண்டும்.