கிழித்தவர் எவர்?

ஈழத்தமிழர் தொடக்க முதலே பிரிவினை நாடினர் என்றும், அந்நஞ்சை விதைத்தவர் செல்வநாயகமே என்றும் சிங்களப் பேரினவாதிகள் நெடுங்காலமாகக் கூறி வருகின்றனர். ஆங்கிலத் தாளிகைகளை மட்டுமே படித்து அரசியல் பேசும் நம்மவர் சிலரும் அதனையே கிளிப்பிள்ளை போல் ஒப்பிக்கின்றனர். மறுபுறத்தே, முப்பதாண்டு மன்றத்திற் பேசிக் கிழவர் கண்டதென்ன என்று எள்ளி நகைத்தோரும் உளர். இவ்விரு சாராரும் அவர் வாழ்க்கையைப் படியாதாரே. கையெழுத்திட்டவர் எவர், அதனைக் கிழித்தவர் எவர் என்று ஆண்டு வாரியாகப் பார்த்தால் போதும், வழக்கு விளங்கிவிடும்.

அவர் 1898ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் மலையாவின் ஈப்போவிற் பிறந்தவர். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பளையில் வளர்ந்தவர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியற் பட்டம் பெற்று, ஆசிரியராயிருந்து, பின் வழக்கறிஞராகிக் கொழும்பிற் பெரும்பொருள் ஈட்டினார். மேடை முழக்கம் அறியாதவர், மெலிந்த குரலர், பிற்காலத்தில் நடுக்கு நோயும் அவரை வாட்டியது. கிறித்தவர். எனினும் சைவர் மிக்க காங்கேசன்துறை அவரை மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தது. சமயத்தைக் காட்டி அவரை வீழ்த்த முயன்றோரும் இருந்தனர். மொழியால் ஒன்றுபட்ட மக்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை.

1947இல் தமிழ்க் காங்கிரசின் சார்பில் அவர் நாடாளுமன்றம் புகுந்தார். அடுத்த ஆண்டே வந்தது குடியுரிமைச் சட்டம். தேயிலைக் காட்டில் அட்டைக்குக் குருதி கொடுத்து இலங்கையைச் செல்வநாடாக்கிய மலையகத் தமிழர் ஏறத்தாழ ஏழிலக்கம் பேர் நாடற்றோராக்கப்பட்டனர். பின்னர் அவர்தம் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. கட்சித் தலைவர் பொன்னம்பலம் அதே அரசில் அமைச்சராயமர்ந்தார். செல்வநாயகத்திற்கும் பதவிக்கதவு மூடியிருக்கவில்லை. மலையகத் தொழிலாளரின் ஒப்போலை ஒன்றேனும் அவர் தொகுதியில் இருந்ததா? இல்லை. இருந்தும், இன்று அவர்க்கு வந்தது நாளை நமக்கும் வரும் என்று எச்சரித்து வெளியேறினார். 1949 திசம்பர் 18இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். கூட்டாட்சியே அதன் கோரிக்கை. சுவிட்சர்லாந்திலும் கனடாவிலும் உள்ளது குற்றமன்று. தமிழன் கேட்டால் மட்டும் குற்றமாம்! 1952 தேர்தலில் காங்கேசன்துறை அவரைத் தோற்கடித்தது. அத்தொகுதி மக்கள் நாணத்தக்க செய்தி அது. நான்காண்டிற்குப் பின் அவர்களே தம் பிழையைத் திருத்திக்கொண்டனர்.

அதற்குள் காலம் மாறியிருந்தது. 1956 சூன் 5ஆம் நாள், சிங்களம் மட்டும் சட்டம் மன்றத்திற்கு வந்தபோது, காலிமுகத்திடலில் அமைதியாய் அமர்ந்து அறப்போர் நடத்திய தமிழ்த் தலைவர்களைக் கும்பல் தாக்கியது, காவலர் வாளாவிருந்தனர்.

இத்தனைக்குப் பிறகும் அம்மனிதர் என்ன செய்தார்? 1957 சூலை 26இல் பண்டாரநாயக்காவுடன் உடன்பாடு செய்தார். அவ்வுடன்பாட்டைப் படித்தவர் எத்துணை பேர்? சிங்களம் மட்டும் சட்டத்தை நீக்குக என்று அது கூறவில்லை. கூட்டாட்சியையும் அப்போதைக்கு வற்புறுத்தவில்லை. வட்டார அவைகள், குடியேற்றத் திட்டங்களில் நிலம் பெறுவோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, வடக்கிலும் கிழக்கிலும் தமிழில் ஆட்சி அலுவல்: இவ்வளவே. தன் மண்ணில் தன் மொழியில் ஓர் ஓலை எழுதும் உரிமையைக் கேட்பது பிரிவினையா?

செயவர்த்தனா கண்டிக்கு நடைப்பயணம் புறப்பட்டார். அது இம்புல்கொடையில் மறிக்கப்பட்டது. 1958 ஏப்பிரல் 9ஆம் நாள் புத்தத் துறவிகள் தலைமை அமைச்சரின் வீட்டுவாயிலில் அமர்ந்தனர். உடன்பாடு கைவிடப்பட்டது என்று எழுத்து வாயிலாகவே உறுதி வாங்கிக்கொண்டு எழுந்தனர். மறு திங்களிலேயே தமிழர் குருதி தெருவில் ஓடியது. கொழும்புத் தமிழரைக் கப்பலேற்றி வடக்கே அனுப்பினர். பிரிவினையாளரென்று பழிக்கப்படுவோரைப் பிரித்து அனுப்பியவர் எவர் என்பதை அக்கப்பல்களே சொல்லும். ஆட்சி சிறைவைத்ததும் தமிழ்த் தலைவர்களையே.

1961இல் வடகிழக்கெங்கும் அறப்போர். அதற்கு விடையாகப் படை வந்தது, பனாகொடைப் படைமுகாமிற் சிறை வந்தது. 1965 மார்ச்சு 24இல் மீண்டும் ஓர் உடன்பாடு, இம்முறை தட்லி சேனநாயக்காவுடன். முன்னதை எதிர்த்து நடந்த கட்சியே தமிழரசுக் கட்சியின் பதினான்கு உறுப்பினர் துணையை நாடி வந்த விந்தையைக் காண்க! அவ்வுடன்பாட்டை மக்கள்முன் வெளியிடாமல் வைத்திருக்க இசைந்தது செல்வநாயகம் செய்த பிழையே. மறைவில் எழுதியதை மறைவிலேயே புதைப்பது எளிது. மாவட்ட அவைத் திட்டம் 1968இற் கைவிடப்பட்டது.

இடதுசாரிகளின் கதை இன்னும் இழிவானது. 1956இல், இருமொழி கொள்ளின் ஒரு நாடு, ஒருமொழி கொள்ளின் இரு நாடு என்னும் பொருள்பட மன்றத்தில் எச்சரித்த கொல்வின் டி சில்வாவே, 1972இல் அமைச்சராயிருந்து புதிய அரசமைப்பை யாத்துத் தந்தார். சிறுபான்மையர்க்கு வேலியாயிருந்த பழைய 29ஆம் பிரிவு அதில் இல்லை. சிங்களமும் புத்தமும் அரியணை ஏறின.

செல்வநாயகம் அவ்வாண்டு அற்றோபரில் உறுப்பாண்மையைத் துறந்தார். இவ்வரசமைப்பைத் தமிழர் ஏற்கின்றனரா என்பதை என் தொகுதியிலேயே தேர்தல் நடத்திப் பாருங்கள் என்று அறைகூவினார். குடியாட்சி பேசிய அரசு இரண்டாண்டுக்கு மேல் அத்தேர்தலை நடத்தாமல் இழுத்தடித்தது. 1975 பிப்பிரவரி 6இல் நடத்தியபோது, எழுபத்தாறு அகவை முதியவர் பதினாறாயிரத்திற்கு மேற்பட்ட ஒப்போலை வேறுபாட்டில் வென்றார். மறு ஆண்டு மே 14இல் வட்டுக்கோட்டையிலேதான் தனிநாட்டு முடிவு பிறந்தது. கட்சி தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் இருபத்தாறு ஆண்டும் ஐந்து திங்களும் ஆகின்றன. இதனைத் தொடக்க முதலே பிரிவினை என்போர்க்கு எண்ணவும் தெரியாது போலும். 1977 ஏப்பிரல் 26இல் அவர் மறைந்தார்.

மன்றத்தில் அவர் ஒன்றும் பெறவில்லை என்பார்க்கும் ஒரு சொல். 1956இல் மறுத்த ஆட்சிமொழி நிலையைத் தமிழுக்கு 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தில் எழுதினர். இடையில் 1983 கடந்திருந்தது. எத்தனை உயிர், எத்தனை ஊர்! அப்போது இணைத்த வடக்கையும் கிழக்கையும் 2006இல் வழக்குமன்றத் தீர்ப்பால் பிரித்தனர். 1957இன் தாளில் எழுதியிருந்த நிலவுரிமையோ, 13ஆம் திருத்தத்திலும் எழுதப்பட்டுக் கொழும்பின் கையிலேயே தங்கிவிட்டது.