வில்லையில் இடம் கிடைக்காதவர்கள்

பிரெஞ்சு வழியில் படித்த என் தலைமுறைக்கு ஜெனரல் லெக்லெர்க் பெயர் மனப்பாடம். அவருடைய ‘தெசியேம் தேபே’, அதாவது இரண்டாம் கவசப் படைப்பிரிவு, 1944 ஆகஸ்டில் பாரிஸுக்குள் நுழைந்த கதையும் நமக்குத் தெரியும். அதன் சின்னம் வட்டமான ஒரு வில்லை. நடுவில் பிரான்சு நாட்டின் வரைபடம், அதன்மேல் இரண்டு குறுக்குக் கட்டைகள் கொண்ட லொரேன் சிலுவை. டாங்கிகளிலும் வண்டிகளிலும் இதையே தீட்டியிருந்தார்கள். அழகான சின்னம்தான். ஆனால் அந்த வரைபடத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களைச் சேர்த்துச் சொல்லாவிட்டால், அது பாதிக் கதை என்பது என் கருத்து.

முதலில் அந்தச் சிலுவை. தோல்வியை ஏற்காமல் லண்டனிலிருந்து குரல் கொடுத்த தெகோலின் சுதந்திர பிரான்சுக்கு அதுவே அடையாளம். 1940 செப்டம்பரில் கவர்னர் போன்வேன் நம் புதுச்சேரியையும் அந்தப் பக்கம் சேர்த்தார். அதற்குச் சில நாள் முன்பே, ஆகஸ்டில், ஆப்பிரிக்காவில் சாத் நாடு சேர்ந்துவிட்டது. சேர்த்தவர் அங்கே கவர்னராக இருந்த ஃபெலிக்ஸ் எபுவே. கயானாவில் பிறந்த கறுப்பர்.

அந்தச் சாத் நாட்டிலிருந்துதான் லெக்லெர்க் புறப்பட்டார். பாலைவனத்தைத் தாண்டிப் போய், லிபியாவில் இத்தாலியர் வசமிருந்த குஃப்ரா கோட்டையை 1941 மார்ச் 1 அன்று பிடித்தார். மறுநாள், ஸ்திராஸ்பூர் தேவாலயத்தின்மேல் நம் கொடி பறக்கும்வரை ஆயுதத்தைக் கீழே வைப்பதில்லை என்று படையோடு சபதம் செய்தார். அந்தப் படையில் பெரும்பகுதி ஆப்பிரிக்கச் சிப்பாய்கள்.

1943 ஆகஸ்டில் மொரோக்கோவில் அந்தப் படையைக் கவசப் பிரிவாக மாற்றினார்கள். டாங்கி முதல் சீருடைவரை அமெரிக்கா கொடுத்தது. அதோடு ஒரு நிபந்தனையும் வந்தது: கறுப்பர்கள் இருக்கக்கூடாது. பிரெஞ்சுத் தலைமை இணங்கியது. குஃப்ராவில் போரிட்ட படையின் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் நீக்கப்பட்டார்கள். ஸ்திராஸ்பூர் 1944 நவம்பர் 23 அன்று விடுவிக்கப்பட்டது. சபதம் நிறைவேறியது. சபதத்துக்குத் துணைநின்ற பலர் அங்கே இல்லை.

பாரிஸுக்குள் முதலில் போனவர்கள் யார் என்பதும் பலருக்குத் தெரியாது. ஆகஸ்ட் 24 இரவு பாரிஸ் மேரி கட்டடத்தின் முன்னால் வந்து நின்றது, கேப்டன் திரோன் தலைமையில் போன ஒன்பதாம் கம்பெனி. அதில் பெரும்பாலோர் ஸ்பானியர்கள், ஃபிராங்கோவிடம் தோற்று நாட்டை இழந்தவர்கள். தங்கள் கவச வண்டிகளுக்குக் குவாதலஹாரா, தெருவெல், எப்ரோ என்று தங்கள் நாட்டுப் போர்க்களங்களின் பெயரை வைத்திருந்தார்கள். 2004-ல்தான் அவர்கள் வந்த வழியில் நினைவுப் பலகைகள் வைத்தார்கள். அறுபது வருஷம்!

இதையெல்லாம் கிளறினால் லெக்லெர்க்கின் புகழுக்கு இழுக்கு என்று என் வயது நண்பர்கள் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் வீரம் யார் சொல்லியும் குறையாது. நான் வாழ்நாளெல்லாம் பதிவேடு எழுதியவன். பதிவேட்டில் பெயர் இல்லாதவன் உயிரோடு எதிரில் நின்றாலும் அலுவலகத்துக்கு அவன் இல்லாதவன்தான். இந்த வில்லைகளிலும் தனித்தனியே எண் பொறித்துக் கொடுத்தார்கள். நீக்கப்பட்டவனுக்கு வில்லையும் இல்லை, எண்ணும் இல்லை, அதனால் கதையிலும் இடமில்லை.

இது வெறும் கௌரவப் பிரச்சனை என்று நினைக்க வேண்டாம். சொல்தா பென்ஷனில் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை! அந்தப் பணத்தின் அருமை நமக்குத் தெரியும். 1959 டிசம்பரில் பிரான்சு ஒரு சட்டம் போட்டு, விடுதலை பெற்றுப் பிரிந்த நாடுகளின் சொல்தாக்களுக்குப் பென்ஷனை அப்படியே உறையவைத்தது. விலைவாசி ஏறியது, அவர்கள் தொகை ஏறவில்லை. முன்னாள் போர்வீரர் பென்ஷனைச் சமமாக்க 2007 ஆயிற்று. அதற்குள் எத்தனையோ பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். கதையில் இடமில்லாதவனுக்கு கணக்கிலும் யாரும் அவசரப்படுவதில்லை.

எபுவேயின் உடல் 1949 முதல் பாரிஸில் பாந்தெயோனில் இருக்கிறது. ஒரு கவர்னருக்குக் கிடைத்த மரியாதை அது. பெயர் தெரியாத சிப்பாய்க்கு அப்படி எதுவும் கிடைக்காது. நாம் செய்யக்கூடியது ஒன்றே. கத்தோர்ஸ் ழுய்யே அணிவகுப்பைப் பார்க்கப் பேரப்பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். அப்போது லெக்லெர்க்கைப் பற்றிச் சொல்லும் வாயால், குஃப்ராவரை போய்ப் போரிட்டும் பாரிஸுக்கு வரவிடாமல் நிறுத்தப்பட்டவர்களைப் பற்றியும் சொல்லிவிடுவோம்.