நினைவுக்கு வாங்கிய ரம் புட்டி



சொகுசுக் கப்பல் பயணம் பற்றிய உங்கள் கட்டுரை, துறைமுகங்களில் வாங்கும் மதுப்புட்டிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கரீபியன் பக்கம் போய்வந்த நான் சொல்லியே ஆக வேண்டும்.

கிரெனடா தீவில் ரிவர் அந்துவான் என்ற ரம் வடிசாலை 1785 முதல் இயங்குகிறது. கரும்பு பிழியும் ஆலையை இன்றும் தண்ணீர்ச் சக்கரம்தான் சுழற்றுகிறது. சக்கையைக் காயவைத்து அதையே அடுப்புக்குப் போடுகிறார்கள். நம் ஊர் வெல்லக் கொட்டகை வாசனை எனக்கு அங்கே அடித்தது! அந்த ரம்மில் ஆல்கஹால் 75 சதவீதம். 70 சதவீதத்தைத் தாண்டினால் விமானத்தில் எந்தப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. அதனாலேயே பயணிகளுக்கென்று 69 சதவீதத்தில் ஒன்றைத் தனியாக விற்கிறார்கள். கேட்டு வாங்க வேண்டும்; நானும் அதைத்தான் வாங்கினேன்.

கரையில் வாங்கும் புட்டியைப் பல கப்பல்களில் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு, பயணம் முடியும் வேளையில்தான் திருப்பித் தருவார்கள். இறங்கும் அவசரத்தில் நான் அதைக் கைப்பையில் செருகிவிட்டேன். 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் என்று விமான நிலையச் சோதனையில் எடுத்துக்கொண்டார்கள். விதிப்படி சரிதான், ஆனாலும் அந்தச் சக்கரத்தின் அருகே நின்று வாங்கிய புட்டி, மனம் ஆறவில்லை. துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வைத்திருந்தால் வீடு வந்திருக்கும். இந்தியாவுக்குள் ஒருவர் 2 லிட்டர் வரை தீர்வையின்றிக் கொண்டுவரலாம்.

அடுத்த பயணக் கட்டுரையோடு இந்த விதிகளையும் கட்டம் கட்டி அச்சிடுங்கள்.

வாசகர், திருச்சி