பரந்தூரிலிருந்து பெங்களூருக்கு பதினாறு நிமிடமா?

பக்கத்து வீட்டு ஏழாம் வகுப்பு மாணவன் ஒருநாள் நோட்டும் பேனாவுமாக ஓடி வந்தான். "தாத்தா, நம்ம வாலாஜாபாத் பக்கத்துல பரந்தூர்ல விமான நிலையம் வந்தா பெங்களூருக்குப் பதினாறே நிமிஷம்!" என்றான். அட்லஸில் ஸ்கேல் வைத்து அளந்து, சுமார் 220 கி.மீ. என்று கண்டுபிடித்திருந்தான். விமானம் மணிக்கு 800 கி.மீ. பறக்கும், வகுத்துவிட்டான். கணக்குக்கு நூற்றுக்கு நூறு போடலாம். ஆனால் விமானம் அப்படிப் பறக்காதே!

சென்னை - பெங்களூர் விமான நிலையங்களுக்கு இடையே நேர்க்கோட்டில் சுமார் 270 கி.மீ. அவன் கணக்குப்படி இருபது நிமிடம்தான் ஆக வேண்டும். டிக்கெட்டிலோ ஒரு மணி நேரம் போல இருக்கும். ஏன்? விமானம் ஓடுபாதை வரை மெதுவாக ஊர்ந்து, வரிசையில் நிற்க வேண்டும். பிறகு மேலே ஏற வேண்டும். ஏறி முடித்துச் சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். முழு வேகத்தில் போவது கொஞ்ச நேரம்தான். லண்டன் போகும் விமானத்துக்கு இந்தக் கவலை இல்லை. 8,000 கி.மீ.க்கு மேல் பறப்பதால், ஏற இறங்க ஆகும் நேரம் அதில் பெரிதாகத் தெரியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. மயிலாப்பூரில் இருப்பவர் மீனம்பாக்கம் போக முக்கால் மணி, அங்கே சோதனை, காத்திருப்பு ஒன்றரை மணி, பறக்க ஒரு மணி, பெட்டியை வாங்கி வெளியே வர அரை மணி. பெங்களூர் விமான நிலையம் 2008-ல் தேவனஹள்ளிக்குப் போய்விட்டது; அங்கிருந்து ஊருக்குள் வர ஒரு மணிக்கு மேல். கூட்டிப் பாருங்கள், ஐந்து மணி நேரத்தை நெருங்கும்! சென்ட்ரலில் வந்தே பாரத் ஏறினால் நாலரை மணியில் பெங்களூர். ஜன்னலில் வயலும் மலையும் இலவசம்.

பரந்தூர் சென்னையிலிருந்து சுமார் 70 கி.மீ. அங்கே விமான நிலையம் வந்தால் மயிலாப்பூர்க்காரருக்கு இன்னும் ஒரு மணி கூடும். நமக்கோ குறையும். அப்படியானால் அது எதற்கு? மீனம்பாக்கத்தைச் சுற்றி ஒரு பக்கம் அடையாறு, இன்னொரு பக்கம் பரங்கிமலை, மற்றபடி வீடுகள். விரிக்க இடமில்லை. நெடுந்தூர விமானங்கள் கூடக்கூட இடம் வேண்டும் என்பது அரசின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது.

2022-ல் பரந்தூர் இடத்தை அறிவித்தபோது, 13 கிராமங்களில் 4,500 ஏக்கருக்கு மேல் தேவை என்ற செய்தியும் வந்தது. அதில் நெல் வயல்களும் ஏரிகளும் அடக்கம். பல ஏரிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கம்பன் கால்வாயும் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. ஏகனாபுரம் மக்கள் மாலை தோறும் கூடிப் போராடினார்கள். கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். ஊரே போய்விடும் என்கிறவர்களிடம் நிமிடக் கணக்கைச் சொல்ல முடியுமா?

பிரான்ஸ் நாட்டில் 2023-ல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டரை மணிக்குள் ரயிலில் போக முடிகிற உள்நாட்டு ஊர்கள் சிலவற்றுக்கு விமானம் விடக்கூடாது! பாரிஸ் ஓர்லி விமான நிலையத்திலிருந்து லியோனுக்குப் பறப்பது அப்படித்தான் நின்றது. அங்கே ரயில் இரண்டு மணியில் போய்விடுகிறது. சென்னை - பெங்களூர் ரயிலும் அவ்வளவு வேகமானால், அந்த விமானங்கள் நிற்கும் இடம் மீனம்பாக்கத்திலேயே காலியாகும் என்பது என் எண்ணம். அதற்காகப் புதிய விமான நிலையமே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. எவ்வளவு பெரிதாக வேண்டும் என்ற கேள்வியைக் கேட்கலாம்.

இதையெல்லாம் சொன்னதும் பையன் நோட்டில் பதினாறை அடித்துவிட்டான். "தாத்தா, ஏகனாபுரத்துக்காரங்க புது ஊருக்குப் போனா அவங்க வயலுக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்டான். அந்தக் கணக்கை நான் போடவில்லை.